வேதபாடச் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2024

சங்கத் தலைவராகிய குருவானவர் ஐயா அவர்களே, சபை ஊழியர் அவர்களே, சபைக் கமிட்டி அங்கத்தினர்களே, அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் நம் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நமது வேதபாடச் சங்கம் நடந்த விதத்தைச் சபையார் முன் அறிக்கையாக வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அண்ணன் தனியே வாசிப்பார். எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் வருகைப் பதிவு நோட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது சாதாரண வருஷம்தான். ஆனால் நம்மோடு உட்கார்ந்து வேதம் வாசித்தவர்களில் பலரைத் தேவன் இந்த ஒரு வருஷத்தில் வளர்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்து அதைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எனவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் எழுதவில்லை.

வருஷம் எப்படித் தொடங்கியது என்பது நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வெள்ளக்காடாய்க் கிடந்தது. நம் ஊரில் குலை தள்ளி நின்ற வாழைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஜனவரி 3-ம் தேதி முதல் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போனபோது பள்ளிக்கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்துக்குத் தெரிந்தது. பெஞ்சுகளைக் கழுவி வெயிலில் போட்டிருந்ததால் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தோம். பலருடைய வேதாகமங்கள் நனைந்து உப்பிப்போயிருந்தன. ஒரு புத்தகத்தை மூன்று பேர் பார்த்து வாசித்தோம்.

அன்றைக்கு ஐயா அவர்கள், இந்த வருஷம் அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்குக் கடிதமாக எழுதிய இரண்டு நிருபங்களையும் படிக்கலாம் என்றார். மொத்தம் எட்டே அதிகாரம், ஒரு வருஷத்துக்கு இது போதுமா என்று சிலர் கேட்டோம். போதும் என்று இப்போது எல்லாரும் சொல்வோம்.

அந்தச் சபையின் கதையை ஐயா அப்போஸ்தலர் 17-ம் அதிகாரத்திலிருந்து விரிவாகச் சொன்னார். தெசலோனிக்கே மக்கெதோனியா நாட்டின் தலைநகர், துறைமுகம், ரோமர் போட்ட பெருவழி ஊடே போகிற ஊர். பவுல் அங்கே ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாட்கள் பேசினார். அதற்குள் கலகம் மூண்டு, அவருக்கு இடம் கொடுத்த யாசோனுடைய வீட்டைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. யாசோனிடம் ஜாமீன் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பவுலும் அவருடைய உடன் ஊழியராகிய சீலாவும் ராத்திரியோடு ராத்திரியாக பெரோயாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி அரைகுறையாக விட்டுவந்த ஒரு சபை என்ன ஆகுமோ என்று பவுல் தவித்திருக்கிறார். தாங்க முடியாமல், தாம் அத்தேனே பட்டணத்தில் தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு உடன் ஊழியராகிய தீமோத்தேயுவை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறார். அவர் திரும்பி வந்து, அவர்கள் விசுவாசத்திலும் அன்பிலும் நிலைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் பவுலுக்கு உயிர் வந்ததுபோல் ஆகிறது. முதல் நிருபம் 3-ம் அதிகாரத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அப்போது அவர் கொரிந்துவில் இருந்தார்; கூடாரம் பண்ணுகிற தொழில் செய்து பிழைத்தார். பவுலை யாருக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார்களோ அந்தக் கல்லியோன் அங்கே அதிபதியாக இருந்ததைக் காட்டும் கல்வெட்டு கிரேக்க நாட்டில் தெல்பி என்ற ஊரில் கிடைத்திருப்பதால், இதெல்லாம் கி.பி. 50-ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்தது என்று கணக்கிடுகிறார்கள். கைப்பாடுபட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷனுக்கு, தூரத்திலிருந்த வேறு சிலருடைய விசுவாசம் வளர்ந்தது ஆறுதலாக இருந்திருக்கிறது! இரண்டு நிருபங்களிலும் தேடிப் பார்த்தோம்; அந்தச் சபையில் எத்தனை பேர் என்று ஓர் இடத்திலும் இல்லை. விசுவாசம் பெருகுகிறது, ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு அதிகரிக்கிறது என்பதற்குத்தான் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்.

இதைப் படித்த பிறகு பிப்ரவரியில் சங்கம் ஒரு காரியம் தீர்மானித்தது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒருவர் எழுந்து, சங்கத்திலோ சபையிலோ உள்ள இன்னொருவரைக் குறித்துத் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். உதவி செய்ததற்கு அல்ல, அவருடைய விசுவாசத்தில் கண்ட ஏதாவது ஒன்றுக்காக. முதலில் எல்லாரும் தயங்கினார்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, கேட்கிறவருக்குப் பெருமை வந்துவிடாதா என்றார்கள். நன்றி தேவனுக்குத்தானே போகிறது என்று ஐயா சொன்னார். சரி என்று ஆரம்பித்தோம். இந்த வருஷத்தில் சங்கம் செய்த காரியங்களிலேயே பலன் மிகுந்தது இதுதான் என்பது என் எண்ணம். நன்றி சொல்ல வேண்டுமென்றால் வாரம் முழுவதும் மற்றவர்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கவனிக்க ஆரம்பித்தால் குறை பேசுகிற பேச்சு தானாகக் குறைகிறது.

அப்படிக் கவனித்ததில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளத்தில் முழுத் தோட்டத்தையும் இழந்த அண்ணாச்சி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். கூட்டுறவு வங்கியில் கடன் இருந்தது. ஜனவரியில் அவர் கூட்டத்துக்கு வந்து ஒன்றும் பேசாமல் போய்விடுவார். மார்ச் மாதம் முதன்முறையாக வாய்விட்டு ஜெபித்தார். பக்கத்துத் தோட்டக்காரருக்கு நிவாரணம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் ஜெபித்தார், தன்னுடையதைச் சொல்லவேயில்லை. சாய்ந்த வாழையின் அடியில் பக்கக் கன்று முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜெபம் எப்படி இருந்தது என்று புரியும். அறுப்பின் பண்டிகைக்கு அவர் தோட்டத்துக் குலை ஒன்று ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்தவர் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்தான்.

சங்கத்தில் மூத்தவரான ஆச்சிக்கு எழுத்து தெரியாது. வாசிக்கிறதைக் கேட்டே பாதி சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், ஏழாம் வகுப்புப் படிக்கிற பேரனிடம் எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பேரன் சிலேட்டில் எழுதிப் போடுவான், இவர்கள் அதன்மேல் விரலால் எழுதிப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் முதல் நிருபம் 5-ம் அதிகாரத்துக்கு வந்தோம். அங்கே 16, 17, 18 ஆகிய மூன்று வசனங்களும் சின்னவை. அன்றைக்கு வாசிக்கிற முறை தன்னுடையது என்று ஆச்சி சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையின் சுட்டுவிரலை எழுத்துக்கு அடியில் வைத்து, 'இ-டை-வி-டா-மல்' என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்கள். 'டை'யில் கொஞ்சம் நின்றது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அறையே காத்திருந்தது. மூன்று வசனங்களையும் முடித்துவிட்டுத்தான் விரலை எடுத்தார்கள். அன்றைய பாடத்தை ஐயா அதோடு நிறுத்திக்கொண்டு ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்.

ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும். இராப்போஜனத்துக்குக் கூட ஒருவர் வரிசையில் நின்றால் மற்றவர் பின்வாங்கிக்கொள்வார். தீமைக்குத் தீமை செய்யாதிருக்கிற பகுதியைப் படித்த வாரம், யாரும் போய்ப் பேசாமலேயே தம்பி அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குள் இருக்கட்டும். சபை விருந்தாகிய அசனத்தன்று விடிகாலை சோற்று அண்டாவை இறக்க ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும் பிடித்ததை எல்லாரும் பார்த்தோம். வரப்பு இன்னும் அளக்கப்படவில்லை. இருவரும் அவசரப்படவும் இல்லை.

ஜூலை மாதம், முதல் நிருபம் 4-ம் அதிகாரம் படித்துக்கொண்டிருந்தபோது நம் அக்கா ஒருவரின் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நித்திரையடைந்தவர்களைக் குறித்து, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதிருங்கள் என்று சொல்கிற இடம் அடுத்த வாரப் பாடம். மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அனுப்பினோம். வேண்டாம், நானும் வருகிறேன் என்றார்கள். வந்து, அழுதுகொண்டேதான் கேட்டார்கள். அந்த வசனம் அழக்கூடாது என்று சொல்லவில்லை என்பதை அன்றைக்கு அவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். இப்போது ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் உட்கார்வது அந்த அக்காதான்.

வாலிபர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள் என்று பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். போன இடத்தில் நல்ல சபையில் சேர்ந்து, ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களும் உண்டு. அப்புறம், நம் சபையிலிருந்து வேறு சபைகளுக்குப் போன குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைக் குறித்து நமக்கு வருத்தம் இருப்பது இயல்பு. ஆனால் அவர்களில் ஒரு தாயார், நம் சங்கத்து நோயாளி ஒருவரை வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து ஜெபித்ததைச் சங்கம் அறியும். அவர்களுக்காகவும் ஒரு புதன்கிழமை பெயர் சொல்லி நன்றி செலுத்தினோம். நம் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் கர்த்தருடைய வேலை குறைந்துபோகாது.

தூரத்து விசுவாசிகளுக்காகச் சந்தோஷப்படுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கி, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதற்கு முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா நமக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். முன்பின் பார்த்திராத ஜனங்களுடைய ஞானஸ்நானச் செய்தியைக் கேட்டு மகிழ்வதற்கு நம் முன்னோர்கள் பழகியிருந்தார்கள். நமது கைப்பிடி அரிசிக் காணிக்கை இந்த வருஷமும் பணித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து வந்த கடிதங்களைக் கூட்டத்தில் வாசித்தோம்.

மற்றவை வழக்கம்போல் நடந்தன. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சங்கத்தார் உதவினோம். செப்டம்பர் 27 தென்னிந்தியத் திருச்சபை தினத்தன்று சிறப்பு ஜெபம் நடந்தது. டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப்போகிற கீத பவனிக்குச் சங்கத்து இளைஞர்கள் பொறுப்பெடுத்தார்கள்.

மேலே சொன்ன எதையும் சங்கத்தின் சாதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஆச்சிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பேரன். அண்ணன் வீட்டுக்குத் தம்பியை யாரும் அனுப்பவில்லை. நாங்கள் பாய் விரித்து, விளக்குப் போட்டு, அதிகாரத்தை வாசித்தோம், அவ்வளவுதான். விளையச் செய்தவர் தேவன். அவருக்கே மகிமை.

ஆண்டு முழுவதும் பாடம் நடத்திய குருவானவர் ஐயாவுக்கும், ஐயா சேகரத்துக் கிளைச் சபைகளுக்குப் போன நாட்களில் பாடம் எடுத்த சபை ஊழியருக்கும், வகுப்பறை தந்த தலைமையாசிரியை அவர்களுக்கும், கூட்டம் முடிந்ததும் கடுங்காப்பி தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி.

2025-ல் பிலிப்பியர் நிருபத்தைப் படிக்கத் தீர்மானித்திருக்கிறோம். வெள்ளத்தில் நனைந்த வேதாகமங்களுக்குப் பதிலாகப் பெரிய எழுத்து வேதாகமங்கள் தேவைப்படுகின்றன. முதியவர்களுக்கு முதலில் கொடுப்போம். வாங்கிக்கொடுக்க விரும்புகிறவர்கள் பொருளாளர் அண்ணனிடம் சொல்லுங்கள். ஆச்சியின் பேரன், எழுத்துத் தெரியாத இன்னும் இரண்டு பாட்டிமாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறான். சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். கூட்டம் புதன்கிழமை இரவு 7 மணிக்கு, அதே வகுப்பறையில்.

இந்த அறிக்கையைச் சபையார் அங்கீகரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கர்த்தருடைய ஊழியத்தில்,
செயலாளர், வேதபாடச் சங்கம்