ஜூமாவைக் காப்பாற்றிய கைகளுக்கு

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தேசியச் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவைக் கட்சியிலிருந்து நீக்கினீர்கள். போட்டிக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. சரி, விதிப்படி நியாயம்தான். அதற்கு முன் நடந்த எதுவும் அவரை நீக்கப் போதுமானதாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

மாடு மேய்த்த பையன், முறையான பள்ளிப் படிப்பு இல்லை, ராபன் தீவில் பத்தாண்டுச் சிறை. இந்த வாழ்க்கையை நான் சிறுமைப்படுத்த வரவில்லை. மக்கள் அவரை நேசித்ததில் வியப்பும் இல்லை. ஆனால் 2005-இல் அவருடைய நிதி ஆலோசகர் ஷபீர் ஷேக் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டதும், துணை அதிபராக இருந்த ஜூமாவை அன்றைய அதிபர் எம்பெக்கி பதவியிலிருந்து விலக்கினார். நீங்களோ 2007 டிசம்பரில் பொலொக்வானே மாநாட்டில் எம்பெக்கியைத் தோற்கடித்து ஜூமாவைக் கட்சித் தலைவராக்கினீர்கள். 2009 ஏப்ரலில், தேர்தலுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, அவர் மீதான ஆயுத ஒப்பந்த ஊழல் வழக்கை அரசுத் தரப்பே திரும்பப் பெற்றது. மே மாதம் அதிபர்.

அப்புறம் அவருடைய ஊரான என்காண்ட்லா. பாதுகாப்புப் பணி என்ற பெயரில் அவருடைய சொந்த வீட்டு வளாகத்தில் 24.6 கோடி ராண்ட் அரசுப் பணம் கொட்டப்பட்டதை அரசு முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் துலி மடொன்செலா 2014-இல் அம்பலப்படுத்தினார். மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, பார்வையாளர் மையம், நீச்சல் குளம். உங்கள் காவல்துறை அமைச்சர் அடுத்த ஆண்டு ஓர் அறிக்கை கொண்டுவந்து, அது நீச்சல் குளமே அல்ல, தீயணைப்புக்கான நீர்த்தேக்கம் என்றார். நாடே சிரித்தது. நாடாளுமன்றத்தில் உங்கள் பெரும்பான்மை சிரிக்கவில்லை. அந்த அறிக்கையை ஏற்று, ஜூமா ஒரு காசும் தர வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது.

2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதிபர் மட்டுமல்ல, நாடாளுமன்றமும் அரசியலமைப்பை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஐந்தே நாளில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. ஆதரவு 143, எதிர்ப்பு 233. நீதிமன்றத்தின் மை உலர்வதற்குள் அத்தனை பேரும் கை தூக்கிவிட்டீர்கள். (பிறகு அவர் கட்ட வேண்டியிருந்த 78 லட்சம் ராண்டுக்கு விபிஎஸ் வங்கி கடன் கொடுத்தது. அந்த வங்கியே கொள்ளை போய் 2018-இல் திவாலானது.)

ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்கள் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர் பதவி தருவதாக அவர்கள் தன்னிடம் பேரம் பேசியதாகத் துணை நிதியமைச்சர் ம்செபிசி ஜோனாஸ் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ஜூமா ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆட்சியில் இருந்தார்.

2017 ஆகஸ்ட் 8 அன்று, ஜூமாவை நீக்கும் தீர்மானத்தின் மீது முதல்முறையாக ரகசிய வாக்கெடுப்பு. ஜூமாவுக்கு எதிராக 177, ஆதரவாக 198. உங்கள் உறுப்பினர்களில் குறைந்தது இருபது பேருக்கு மேல் எதிர்க்கட்சிகளோடு வாக்களித்தார்கள் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். யார் என்று தெரியாத இடத்தில்தான் மனசாட்சி வேலை செய்தது. பெயர் சொல்லி எதிர்த்த உங்கள் உறுப்பினர் மகோசி கோசாவை நாடாளுமன்றக் குழுத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினீர்கள். அவர் கட்சியை விட்டே போனார்.

கடைசியில் 2018 பிப்ரவரியில் ஜூமாவை இறக்கியதும் நீங்கள்தான். அதற்குள் தேர்தல் நெருங்கியிருந்தது. 2021-இல் அவர் சிறை போனது ஊழலுக்காக அல்ல, அவர் ஆட்சிக்கால ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்துக்கு வர மறுத்த நீதிமன்ற அவமதிப்புக்காக. அதைத் தொடர்ந்த கலவரத்தில் முந்நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பின்னர் மீண்டும் தொடுக்கப்பட்ட ஆயுத ஒப்பந்த வழக்கில் தான் குற்றமற்றவர் என்கிறார் ஜூமா. இருக்கலாம். சாட்சிகள் பேசட்டும், நீதிமன்றம் சொல்லட்டும்.

என் புகார் உங்கள் மீதுதான். 2022 டிசம்பரில், ஜூமாவுக்கு அடுத்து அதிபரான ரமபோசாவின் பாலா பாலா பண்ணையில் திருடுபோன பணம் பற்றிய நிபுணர் குழு அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அவர் தவறு செய்தாரா என்பதை விசாரிக்கவே விடாமல் 214 வாக்குகளால் தடுத்தீர்கள். ஆள் மாறினார், பழக்கம் மாறவில்லை. 2024-இல் முதல்முறையாகப் பெரும்பான்மை இழந்து 40 சதவீதத்துக்கு இறங்கினீர்கள். ஜூமாவின் புதுக் கட்சி 58 இடங்களை அள்ளியது.

நான் கேட்பது ஒன்றுதான். அதிபரை விசாரிப்பது, நீக்குவது பற்றிய எந்த வாக்கெடுப்பிலும் கட்சிக் கட்டளை கிடையாது, மாறி வாக்களித்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கையும் கிடையாது என்று செயற்குழு தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கட்சி விதியில் எழுதுங்கள். அடுத்த அதிபர் யார் என்று தெரிவதற்கு முன்பே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்கெடுப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்