மண்மேட்டில் அழுத மனிதர்

சால்ட் லேக் சிட்டி,
16 நவம்பர் 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே போய் வந்தாய் என்று படித்ததும் மனப்பாரம் இறங்கியது. இங்கே மகளும் மருமகனும் பேரனும் நலம். வாசாட்ச் மலை உச்சிகளில் பனி விழுந்துவிட்டது. காலை நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் மகள். நான் கேட்பதில்லை.

"நீ இருக்கும் ஊரில் மார்மன் சபைக்குப் புதிதாக ஒரு தீர்க்கதரிசி வந்திருக்கிறாராமே, படித்தவர்கள் இதை எப்படி ஏற்கிறார்கள்? சொன்னது நடக்காவிட்டால் அவன் கர்த்தர் அனுப்பியவன் அல்ல என்று உபாகமம் பதினெட்டில் அளவுகோல் தெளிவாக இருக்கிறதே" என்று கேட்டிருந்தாய். நாற்பது ஆண்டு வேதபாடம் நடத்தியவன் நீ, கேட்கத்தான் செய்வாய். அந்தக் கேள்வியோடுதான் இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தேன்.

செய்தி உண்மைதான். செப்டம்பர் 27 அன்று, சபையின் தலைவரும் தீர்க்கதரிசியுமாக இருந்த ரஸ்ஸல் நெல்சன் தம் 101ஆம் வயதில் காலமானார். இதய அறுவை மருத்துவராக இருந்தவர். அக்டோபர் 14 அன்று டாலின் ஓக்ஸ் தலைவரானார். வயது 93, உட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இங்கே தேர்தலோ போட்டியோ இல்லை. உயிரோடிருக்கும் அப்போஸ்தலர்களில் யார் அதிக காலம் அந்தப் பொறுப்பில் இருந்தாரோ அவரே அடுத்த தீர்க்கதரிசி. பிறகு மக்கள் கூடி வலக்கையை உயர்த்தி அவரைத் தாங்குவதாகச் சொல்வார்கள். எதிர்ப்பவர்களும் கை உயர்த்தலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கப்படுகிறது. இந்தக் கை உயர்த்தலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

யார் கடவுளின் பெயரால் பேசலாம் என்ற சண்டை, சபை பிறந்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று சபையை நிறுவினார். அரை ஆண்டுகூட ஆகவில்லை, ஹைரம் பேஜ் என்ற விசுவாசி தம்மிடம் இருந்த ஒரு கல்லின் வழியாகத் தமக்கும் வெளிப்பாடுகள் வருகின்றன என்றார். ஜோசப்பின் வலக்கையாக இருந்த ஆலிவர் கௌடரியே அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? ஜோசப்பும் கல்லைப் பார்த்துத்தானே இவர்களுடைய வேதமான மார்மன் புத்தகத்தின் பெரும்பகுதியைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார், எழுதியவரே கௌடரிதானே! அப்போது ஜோசப்புக்கு வந்த வெளிப்பாடு, சபை முழுமைக்கும் கட்டளை பெறுகிறவர் ஒருவரே என்று தீர்த்துச் சொன்னது. கூடவே ஒன்று: ஹைரமைத் தனியாக அழைத்து, நீயும் அவனுமாக இருக்கும்போது சொல் என்று ஆலிவருக்கு உத்தரவு. சபை நடுவே அவமானப்படுத்தாதே என்ற அந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்போடு ஒரு முடிச்சும் விழுந்தது. ஒவ்வொருவரும் மண்டியிட்டுக் கேட்டால் கடவுள் நேரே பதில் சொல்வார் என்பது இவர்கள் நம்பிக்கையின் உயிர்நாடி. ஜோசப்பே பதினான்கு வயதில் தோப்புக்குள் போய்க் கேட்டவர்தான். தனக்காகக் கேட்கலாம், தன் குடும்பத்துக்காகக் கேட்கலாம், சபைக்காக மட்டும் ஒருவரே கேட்பார். அப்படியானால் எனக்குக் கிடைத்த பதிலும் அவருக்குக் கிடைத்த பதிலும் முட்டிக்கொள்ளும்போது? இந்த 195 ஆண்டு விவாதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கின்றன.

உன் அளவுகோலுக்கு வருகிறேன். "சொல்லும் காரியம் நடவாமலும் நிறைவேறாமலும் போனால்" என்ற வசனத்தை இங்கே இரு தரப்பாரும் கையில் வைத்திருக்கிறார்கள். 1832 கிறிஸ்துமஸ் அன்று ஜோசப், தென் கரோலினாவிலிருந்து போர் கிளம்பும், தெற்கும் வடக்கும் பிரிந்து நிற்கும் என்றார். அது 1851இல் லிவர்பூலில் அச்சேறியது, 1861இல் தென் கரோலினாவின் சம்டர் கோட்டையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்தது. விசுவாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? மறுப்பவரோ, அந்த டிசம்பரில் தென் கரோலினா சுங்கவரியை எதிர்த்துப் பிரிந்துபோவதாக மிரட்டிக்கொண்டிருந்தது, பத்திரிகை படித்த எவரும் சொல்லியிருக்கலாம் என்பார். அதே ஆண்டு செப்டம்பரில், மிசௌரியின் இண்டிபெண்டென்ஸ் ஊரில் இந்தத் தலைமுறையிலேயே ஆலயம் எழும் என்றும் வெளிப்பாடு வந்தது. மறு ஆண்டே இவர்களை அங்கிருந்து அடித்து விரட்டினார்கள். குறித்த மனை இன்றும் வேறொரு சிறு சபையின் கையில் புல்தரையாக இருக்கிறது. எதிரிகள் தடுத்தால் கடவுள் அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிப்பார் என்று 1841இல் மற்றொரு வெளிப்பாடு விளக்கம் தந்தது.

நடந்தது, நடக்காதது என்று இரண்டு பத்தி போட்டுக் கணக்கெழுதுவதில் எனக்கு இப்போது ஆர்வம் குறைந்துவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரர்தான் அதற்குக் காரணம். அவருக்கு 72 வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஆகஸ்டில் வீட்டுப் பீச் பழங்களைத் தோலுரித்துச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் அடைப்பார், எங்களுக்கும் நான்கு வந்தன. நெல்சன் இறந்த செய்தி வந்த மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தவர், எழுந்து போய் ஒரு பழைய காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் 1972இல் பத்தொன்பது வயதுப் பையனாக ஊழியம் செய்யப் போன பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்துப் படங்கள் அதில் இருந்தன.

உனக்குப் பின்னணி தெரியவேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு, சபையின் சடங்குகளை நடத்தும் உரிமையான ஆசாரியத்துவம் இல்லை, அவ்வம்சத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் இல்லை என்று இந்தச் சபை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடத்தியது. ஜோசப்புக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் 1852இல் அறிவித்தது அது. அதற்கு முன் 1836இலேயே எலைஜா ஏபிள் என்ற கறுப்பினத்தவர் ஆசாரியத்துவத்துக்கு நியமிக்கப்பட்டிருந்தார், ஜோசப் உயிரோடிருந்தபோதே. பிரேசிலோ கலப்பு வம்சங்களின் நாடு. யாருக்கு எந்தப் பாட்டி என்று எப்படித் தெரியும்? ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்து குடும்ப ஆல்பத்தைப் பார்க்கக் கேட்பார்களாம்.

"நாங்கள் ஆர்வத்தோடு புரட்டுவோம். அவர்களும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். எதைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது" என்றார் அவர்.

ஒரு தையற்காரரின் குடும்பம். நான்கு வாரம் தொடர்ந்து போயிருக்கிறார்கள், ஞானஸ்நானம் எடுக்க ஆசையோடு காத்திருந்தவர்கள். ஐந்தாம் வாரம் அந்த அம்மாள், இவர்கள் குடிக்காத காபியைத் தவிர்த்து, இவர்களுக்கென்று எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்துவிட்டு, தன் தாயின் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறார். கறுப்புப் பெண்மணி, வெள்ளை லேஸ் கழுத்துப்பட்டி. இவர்கள் சாற்றைக் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இதைச் சொல்லும்போது அவர் விரல் தம் முழங்காலில் ஒரு சட்டத்தின் நான்கு பக்கத்தையும் வரைந்துகொண்டிருந்தது. தாம் அதை அறியவில்லை.

1978 ஜூன் 9 அன்று அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் வெளிப்பாடு பெற்றதாக அறிவித்து அந்தத் தடையை நீக்கினார். சாவோ பாலோவில் ஆலயம் கட்டி முடியும் தறுவாய். அந்த ஆலயத்துக்காக உழைத்த ஹெல்வேசியோ மார்ட்டின்ஸ், கறுப்பினத்தவர் என்பதால் அதற்குள் போகமுடியாதவராகவே இருந்திருப்பார், அந்த அறிவிப்பு வந்திராவிட்டால். 1990இல் அவர் சபையின் உயர்தலைவர்களில் ஒருவரானார்.

இப்போது டாலின் ஓக்ஸுக்கு வருகிறேன். தடை நீங்கிய நாளில் அவர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத் தலைவர். மலையில் இருந்த வீட்டில் பிள்ளைகளோடு மண் வேலை செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. செய்தியைக் கேட்டவர் வெளியே வந்து மண்மேட்டில் உட்கார்ந்து, மகன்களை அருகே அழைத்து, சொல்லிக்கொண்டே அழுதார். நாற்பது ஆண்டு கழித்து 2018இல் அவரே மேடையில் சொன்னது இது. இன்னொன்றும் சொன்னார்: தடைக்கு அந்நாளில் கூறப்பட்ட காரணங்களை ஆராய்ந்ததாகவும், அவற்றில் ஒன்றுகூட உண்மை என்று தம் உள்ளத்தில் உறுதிப்படவில்லை என்றும்.

நண்பா, இந்த வாக்கியத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. காரணங்கள் எதையும் மனம் ஏற்கவில்லை, ஆனாலும் தீர்க்கதரிசிகளுக்கு விசுவாசமாக இருந்தார். அறிவிப்பு வரும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு என்ன பெயர்? அவர் அழுத கண்ணீர் உண்மை என்று நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1977 அக்டோபர் மாநாட்டில், அந்தத் தடையை எதிர்த்த பைரன் மார்ச்சண்ட் என்பவர், தாங்குகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது உயர்த்தாமல், எதிர்ப்பவர்கள் என்றபோது உயர்த்தினார். அந்த மாதமே சபையிலிருந்து நீக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர் கேட்டது நடந்தது. முன்னவரின் மௌனத்தில் விசுவாசத்தைப் பார்ப்பவர்கள், பின்னவரின் உயர்ந்த கையிலும் அதைப் பார்த்திருக்க வேண்டாமா?

ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற பெண்ணை நினைத்துப் பார். சுதந்திரமான கறுப்பினப் பெண். ஜோசப்பின் சபையைத் தேடி 1843இல் பஃபலோவிலிருந்து நாவூ வரை 800 மைல் நடந்தவர், படகில் ஏற்ற மறுத்ததால். செருப்புத் தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த தரையில் இரத்தச் சுவடு பதிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்கும் 1847இலேயே வந்துவிட்டார். ஆலயச் சடங்கு வேண்டும் என்று தலைவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். 1894இல், மறுமையிலும் ஜோசப்பின் வேலைக்காரியாக இருப்பதற்கான ஒரு சடங்கைச் செய்து கொடுத்தார்கள். திருப்தியில்லாமல் மறுபடி கேட்டார். 1908இல் இறந்தார். அவருக்கு வந்த பதிலை எந்த வெளிப்பாட்டின் கணக்கில் எழுதுவது?

தலைவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுங்கள் என்றுதான் இவர்கள் எப்போதும் சொன்னார்கள் என்று எழுதினால் அது நியாயமாகாது. பிரிகாம் யங்கே 1862இல், இந்த மக்கள் தலைவர்களை அளவுக்கு மீறி நம்பி, தாங்களாகக் கடவுளிடம் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறேன் என்றார். 1945இல் ஒரு சபைத் துண்டறிக்கை, தலைவர்கள் பேசிவிட்டால் சிந்திக்கவேண்டியது முடிந்துவிட்டது என்று எழுதியபோது, அப்போதைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் அது சபையின் நிலைப்பாடு அல்ல என்று, கவலைப்பட்டு எழுதிய வேறொரு சபைப் போதகருக்குப் பதில் எழுதினார். மறுபக்கம், பலதார மணத்தை 1890இல் நிறுத்திய வில்ஃபர்ட் உட்ரஃப், இந்தச் சபையின் தலைவர் உங்களை வழிதவறச் செய்யக் கர்த்தர் ஒருபோதும் விடமாட்டார் என்றார். அந்தச் சொல் வேதத்தோடு அச்சாகியிருக்கிறது, மற்ற இரண்டும் அப்படி இல்லை. பழைய தலைவர் ஒருவர் தவறினார் என்று சொல்லவரும் வாயை இந்த ஒரு வாக்கியம் அடைத்துவிடுகிறது.

அதை மீறி ஒருமுறை ஒருவர் பேசினார். கறுப்பினத்தவரைப் பற்றிக் கடுமையாக எழுதிய அப்போஸ்தலர் புரூஸ் மெக்கான்கி 1978 ஆகஸ்டில், நான் சொன்னதையும் பிரிகாம் யங் சொன்னதையும் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசினோம் என்றார். என் பார்வையில் அவருடைய தீர்க்கதரிசன வார்த்தை அதுதான். 2013இல் சபை பழைய காரணங்களை எழுத்திலேயே கைவிட்டது, ஆனால் மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பிறர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதும், தான் மன்னிப்புக் கேட்பதும் சபையின் வழக்கமல்ல என்று 2015இல் சொன்னவர் ஓக்ஸ்தான். அதே ஆண்டு நவம்பரில், ஒருபாலினத் தம்பதியரோடு வளரும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்ற விதி வந்தது. அது வெளிப்பாடு என்று நெல்சன் விளக்கினார். 2019இல் அவரே தலைவராக இருந்தபோது அது நீக்கப்பட்டது. மூன்றரை ஆண்டு. ஒரு பிள்ளைக்கு, ஞானஸ்நானம் எடுக்கும் எட்டு வயது வந்து போக அது போதும்.

முதியவர் ஓக்ஸ் மன்னிப்பு என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மண்மேட்டில் அழுதவருக்கு அது முடியாததல்ல.

உனக்கு ஒரு செய்தி: 1853இலேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் மதராஸுக்கு வந்து ஓராண்டு போல இருந்திருக்கிறார். இங்கே சால்ட் லேக் சிட்டியின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். உன் சபைப் பழைய குறிப்பேடுகளில் அவர் பெயர் கண்ணில் பட்டால் எழுது.

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை வந்திருந்தார். அந்தத் தையற்காரரின் தெருவை ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்தார், அளவையாளரின் கை, கிணறும் வேப்பம்பூ போல வெள்ளைப் பூ உதிர்க்கும் மரமும்கூட இடம் தவறாமல் இருக்கின்றன. போர்த்துகீசிய மொழியில் கடிதம் எழுதி முடித்துவிட்டாராம். யார் பெயருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை, அந்த அம்மாளின் மகள்களில் ஒருத்தியாவது அங்கே இருப்பாள் என்கிறார். நாளை தபால் அலுவலகத்துக்கு நானும் உடன் போகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிடாதே.

என்றும் உன் நண்பன்