ஒற்றை நாற்காலி: பெட்சி பிராட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெட்சி பிராட் அவர்களுக்கு,

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் உங்கள் பிடிவாதத்தைத்தான் சொல்வார்கள். எங்களுக்கு உங்கள் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் நடத்திய பனிச்சறுக்கு மலை, மாட் ரிவர் கிளென், இன்னும் காடாகவே இருக்கிறதென்றால், அதற்குப் பழமை மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை உச்சிக்கு ஏற்றலாம் என்ற எண்ணிக்கையை நீங்கள் உயர விடவே இல்லை.

தமிழில் படிப்பவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஃபேஸ்டன் என்ற சிற்றூரில், ஜெனரல் ஸ்டார்க் மலைச் சரிவில் இருக்கிற பனிச்சறுக்குத் தலம் அது. 1948-ல் ரோலண்ட் பால்மெடோ தொடங்கியது. உச்சி 3,637 அடி. அங்கிருந்து அடிவாரத்துக்கு 2,037 அடி இறக்கம். 1972-ல் நீங்களும் உங்கள் கணவர் டிரக்ஸ்டனும் வேறு சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து அதை வாங்கினீர்கள். 1975-ல் அவர் இறந்த பிறகு இருபது வருடம் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

உச்சிக்குப் போகும் லிஃப்ட் என்பது எஃகு வடத்தில் தொங்கியபடி நகரும் நாற்காலிகளின் வரிசை. அதில் ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான் உட்கார முடியும். மணிக்குச் சுமார் 500 பேர். ஏழு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 3,500 ஏற்றம்தான். நால்வர் அமரும் அதிவேக லிஃப்ட் மணிக்கு 2,400 பேரை ஏற்றும். அதே ஏழு மணி நேரத்தில் 16,800. ஏறியவர்கள் எல்லாரும் இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கும் ஒவ்வொருவரும் திரும்பும்போது சறுக்குப் பலகையின் விளிம்பால் பனியைச் சுரண்டிப் பாதையின் ஓரத்துக்குத் தள்ளுகிறார். கூட்டம் ஐந்து மடங்கானால் இயற்கைப் பனி மதியத்துக்குள் கரைந்து, அடியில் கல்லும் வேரும் பல்லைக் காட்டும். பிறகு செயற்கைப் பனி இல்லாமல் முடியாது. ஒரு ஹெக்டேர் சரிவில் 30 செ.மீ. செயற்கைப் பனி போட, கன மீட்டருக்கு 450 கிலோ அடர்த்தி என்று வைத்தால், ஏறக்குறைய 13.5 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதற்கு ஏரி, பம்ப், குழாய், எல்லாவற்றையும் கொண்டுசேர்க்க அகலப்படுத்திய பாதை. லிஃப்டில் கை வைத்தால் காட்டிலும் கை வைக்க வேண்டியிருக்கும். மாட் ரிவரில் இன்றும் செயற்கைப் பனி சரிவுகளில் சுமார் 15 சதவீதத்துக்குத்தான்.

வரிசையில் நிற்பவர்களுக்கு இது சந்தோஷமான கணக்கு இல்லை. நல்ல பனி விழுந்த சனிக்கிழமை காலையில் காத்துக்கிடக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறை என்று நீங்கள் எண்ணவில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

பழைய லிஃப்டை வைத்திருப்பது சும்மா விட்டுவைப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பராமரித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த வகை லிஃப்டில் ஒவ்வொரு நாற்காலியும் எஃகு வடத்தை ஒரே இடத்தில் கவ்விப் பிடித்திருக்கும். கவ்விய இடத்தை ஒட்டி வடம் திரும்பத் திரும்ப வளைவதால் அங்கே கம்பி இழைகள் அறத் தொடங்கும். எனவே குறித்த கால இடைவெளியில் எல்லாக் கவ்விகளையும் தளர்த்தி, வடத்தில் சற்று நகர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கிய பின் வழுக்குகிறதா என்று இழுத்துப் பார்க்கவும் வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் வெளியிழைகள் அறுவதுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். உள்ளே அறுந்தது காந்தச் சோதனையில்தான் தெரியும். வடம் வயதாக ஆக நீளும். எதிர் எடை அந்த நீட்சியை இழுத்துப் பிடிக்கும். எடை தன் ஓட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டால் வடத்தை வெட்டிக் குறைத்துத் திரும்பப் பின்னுவதைத் தவிர வழியில்லை. தூண்களின் மேலுள்ள சிறு சக்கரங்களின் ரப்பர் தேய்ந்தால் வடம் தடம் விலகலாம். அடியில் கான்கிரீட் விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால், தூண் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்.

2007-ல் அந்த லிஃப்டை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தார்கள். பழைய தூண்களைக் கழற்றி, மணல் வீசித் துருவை அகற்றி, வண்ணம் பூசிப் புதிய அடித்தளத்தில் நிறுத்தினார்கள். செலவு சுமார் 17 லட்சம் டாலர். இருவர் அமரும் லிஃப்டாக மாற்ற அதுதான் சரியான தருணம், மாற்றவில்லை. 2012-ல் அந்த இடம் முழுவதும் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அமெரிக்காவில் ஓடும் இன்னொரு ஒற்றை நாற்காலி லிஃப்ட் அலாஸ்காவில், கார்டோவா ஊரின் ஐயக் மலையில் இருக்கிறது.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மலையில் கீழே மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச். மேலே போகப் போக ஸ்ப்ரூஸ், ஃபிர். மரங்களுக்கு இடையே சறுக்க வேண்டுமானால் கோடையில் கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை? முதிர்ந்த மரத்தைத் தொடக் கூடாது. கன்றுகளும் தலையில் இடிக்கும் தாழ்ந்த கிளைகளும்தான். கன்றைத் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் மெல்லிய பனிக்கு அடியில் அது ஈட்டி. அதைவிடப் பெரிய தவறு, கண்ணில் பட்ட கன்றையெல்லாம் வருடா வருடம் துடைத்து எடுப்பது. ஐம்பது வருடத்தில் மூத்த மரங்கள் சாயும்போது அவற்றின் இடத்துக்கு வர இளசு எதுவும் இருக்காது. வெட்டவெளியான சரிவில் காற்று பனியை அள்ளிப் போகும். வெயில் மிச்சத்தை உருக்கும். அதனால் கன்றுகளைக் கொத்துக் கொத்தாக ஆங்காங்கே விட்டுவைத்து, அந்தக் கொத்துகளைச் சுற்றிச் சறுக்குபவரை வளைந்து போக வைப்பதுதான் முறை. உயரத்து ஸ்ப்ரூஸ், ஃபிர் காட்டில் பிக்னெல் திரஷ் என்ற அரிய பறவை கூடு கட்டும். அங்கே மே நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை ரம்பத்தை எடுக்காமல் இருப்பது நல்லது.

திறந்த பாதைகளுக்கு வேறு தொல்லை. மழைநீர் நேராகக் கீழே ஓடாமல் காட்டுக்குள் திரும்ப, சரிவுக்குக் குறுக்கே சாய்வாக வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். இலை விழுந்து அவை அடைத்தால் ஒரே புயலில் மண் அரித்துக் கல் மேலே வந்துவிடும். கல் தெரியும் பாதையைத் திறக்கக் கூடுதலாக ஓரடி, இரண்டடி பனி வேண்டும். இயற்கைப் பனியை நம்பும் மலையில் அது பல நாள் வருமானம். வழவழப்பான பாதை கேட்பவர்களுக்கு உங்கள் மலை ஒத்துவராது. 'முடிந்தால் சறுக்கிப் பார்' என்று கார்களின் பின்னால் ஒட்டிய வாசகம் அதைத்தானே சொல்கிறது?

ஒரு விஷயத்தில் உங்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு நீங்கள் போட்ட தடை இன்னும் நிற்கிறது. அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி என்ற இரண்டு பனிச்சறுக்குத் தலங்கள் தவிர இங்கே மட்டும்தான். கூட்டத்தைக் குறைக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. கூட்டத்தை லிஃப்டே குறைத்துவிடுகிறதே.

விற்ற விதம்தான் எங்களுக்கு இன்றும் வியப்பு. 1995 டிசம்பரில், அங்கே சறுக்குபவர்களே சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கத்துக்கு 25 லட்சம் டாலருக்குக் கொடுத்தீர்கள். பங்கு 1,500 டாலரில் தொடங்கியது. ஒருவர் நான்கு பங்குக்கு மேல் வைத்திருக்க முடியாது. குறைந்த கூட்டம், இயற்கையான நிலமும் காடும், பலவகைப் பாதைகள், நட்பான சூழல்: இவற்றை என்றென்றும் காப்பதுதான் சங்கத்தின் நோக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில், அதே காலத்தில், சுகர்புஷ் என்ற பனிச்சறுக்குத் தலம் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. புதிய லிஃப்டுகளும் செயற்கைப் பனி ஏற்பாடுகளும் வந்தன. 2001-ல் அந்த நிறுவனம் சுகர்புஷ்ஷை விற்றது. சில வருடங்களில் நிறுவனமே கலைந்தது. நல்ல மனசுள்ள ஒரு முதலாளியைத் தேடிக் கொடுத்திருந்தால் அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் பலவீனம் இல்லாமல் இல்லை. ஜனவரியில் மழை பெய்து மறுநாள் உறைந்தால் சரிவெங்கும் பளிங்குபோல் பனிக்கட்டி. எந்திரத்தால் கிளறிவிடலாம் என்றால் பனி ஆழமில்லாத இடத்தில் அது புல்லையும் கல்லையும் சேர்த்துப் பிடுங்கும். புதிய பனிக்காகச் சரிவை மூடிவைத்துக் காத்திருக்கும் நாட்களில் சீட்டு விற்காது. சம்பளம் மட்டும் கொடுத்தாக வேண்டும். அதற்குச் சங்கம் கண்ட வழி எளிது. ஒவ்வொரு பங்குதாரரும் வருடத்துக்கு 200 டாலருக்குச் சீட்டோ வேறு எதுவோ முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். முதல் பனி விழுவதற்கு முன்பே அந்தப் பணம் பெட்டிக்கு வந்துவிடுகிறது.

அன்புடன்,
பனிமலைகளைப் பற்றி எழுதும் சிலர்