இடது சீட்டில் யார் வருகிறார்கள்?

ரங்கூன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய வண்டி போட்டோவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. தீபாவளிக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது நேரே ப்ரேசர் தெரு காளி கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டுமாம். அம்மாவின் உத்தரவு. போனில் ப்ரேசர் என்று தேடாதே, அனோரத்தா என்று போடு. மொகல் தெருவும் அதில் ஷ்வே போந்தாதான். நாங்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறோம், அதற்கு அது தெரியாது.

வண்டியில் இருக்கிற திரை ஜப்பான் பாஷை பேசுகிறது, மேப்பும் ஜப்பான் மேப்புதான் என்றாய். அங்கிருந்து இறங்குகிற பழைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். அதை விட்டுவிடு, போனையே வைத்துக்கொள். வழியில் பல இடங்களில் நெட் வராது. அதற்காகப் பயப்படாதே, ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நாலு கிடைத்தால் போதும், போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். நெட் கேட்பது மேப்புக்குத்தான். மாந்தலேயிலிருந்து ரங்கூன் வரைக்கும் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள். கண்ணாடியில் வெயில் படுகிற இடத்தில் போனை மாட்டாதே. சூடேறினால் திரை மங்கிவிடும்.

இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

எக்ஸ்பிரஸ் ரோட்டிலேயே நேராக வராமல், தவுங்கூவில் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பழைய ரோட்டில் பெகு வழியாக வரப்போகிறேன், அதுவும் தனியாக வருகிறேன் என்று சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

உன் வண்டியில் ஸ்டேரிங் வலது பக்கம். ரோட்டிலும் நாம் வலது பக்கம்தான் ஓட்டுகிறோம். 1970 டிசம்பரில் ஒரே நாளில் எல்லாரையும் இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்கள். அப்போது உன் தாத்தா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "ரோடு மாறிச்சு, வண்டி மாறல" என்று கடைசிவரை சொல்வார். முன்னால் ஒரு லாரி போனால் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் உனக்கு எதிரே வருவது தெரியாது. பாதி வண்டியை வெளியே நீட்டினால்தான் தெரியும். அதனால்தான் தாத்தா ஸ்பேர் பையன், அதாவது லாரியில் கூட வரும் உதவிப் பையன், இல்லாமல் வண்டியை எடுத்ததே கிடையாது. அவன் இடது பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்து "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் தாத்தா முந்துவார்.

போன வருஷம் நடந்த ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். சித்தப்பா வண்டியை வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் பெகு போனோமே, அன்றைக்கு. நாலே காலுக்குப் போய்ச் சேருவோம் என்று போன் காட்டியது. மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது, நாலே கால் நாலு பதினெட்டானது, பிறகு நாலு இருபத்திரண்டு. அங்கே எங்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை, தம்பி. ஆனாலும் அந்த நம்பர் ஏற ஏற எனக்குள் ஒரு பதற்றம். லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் நுனியில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் பானெட்டுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் போயிருக்கிறேன். முந்துவதற்கு வண்டியின் மூக்கை வெளியே எடுத்தேன். "வேண்டாங்க, வருது!" என்று அம்மா கத்தினாள். பிரேக்கை மிதித்து உள்ளே ஒடித்த அதே நொடியில் ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. அம்மா டேஷ்போர்டை அடித்துப் பிடித்ததில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் ரத்தம். போனில் நாலு இருபத்திரண்டு அப்படியே இருந்தது.

நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். வழி தெரியாத ரோடும் இல்லை அது. திரையில் ஓடிய அந்த நேரம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து போய்ச் சேரும் நேரம் தெரிகிற இடத்தை ஒரு பிளாஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். திருப்பத்தைக் காதால் கேட்டுக்கொள்கிறேன். நீயும் அப்படிச் செய். எந்த இடத்துக்கு என்பதை வண்டி நிற்கும்போதே போட்டுவிடு. மாற்ற வேண்டியிருந்தால் ஓரம் கட்டு.

உன் தம்பிக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிள் விஷயமும் ஒன்று. ஹேண்டில் பாரில் போனை மாட்டி ஓட்டினால் அந்த அதிர்வில் சில போன்களின் கேமரா கெட்டுப்போகும் என்கிறார்கள். சட்டைப் பையில் வைத்து ஒரு காதில் மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல். இன்னொரு காது ஹாரனுக்கு வேண்டும்.

ரங்கூனுக்குள் மேம்பாலம் வரும்போது போன் குழம்பும். மேலே போகிறாயா, கீழே போகிறாயா என்று அதற்குச் சரியாகத் தெரியாது. ஹிளேடான் பக்கம் வந்தால் போர்டைப் பார்த்து ஓட்டு.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயத்துக்குப் பதில் எழுது. இடது சீட்டில் யார் வருகிறார்கள்? கூட வேலை பார்க்கிற பையன் யாராவது ஊருக்கு வருவதாக இருந்தால் ஏற்றிக்கொள், எண்ணெய்க் காசு கேட்காதே. ஒருவரும் கிடைக்காவிட்டால், போகவும் வரவும் தனித்தனியாக இருக்கிற எக்ஸ்பிரஸ் ரோட்டிலேயே வா, அத்தையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வழியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற 115 மைல் நிறுத்தத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு போன் பண்ணு.

நான் இதை எழுதும்போதே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆள் கிடைக்கவில்லையென்றால் முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் தானே மாந்தலே வந்து, மறுநாள் உன்னோடு உட்கார்ந்து வருகிறாளாம். டிக்கெட் விலைகூட விசாரித்துவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா