‘அறியாமை’ என்று எழுதியது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபத்து மிகுந்த இதய அறுவைக்கு முன்பே இதயத்துக்குத் துணைசெய்யும் கருவியைப் பொருத்தி நோயாளியைக் காக்க முடியுமா என்று ஆராயும் பரிசோதனைகளைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் கட்டுரை வந்திருந்தது. ‘இவற்றில் சேர நம் மக்கள் தயங்குவதற்கு அறியாமையே காரணம்’ என்ற அதன் கடைசி வரி நான்கு நாட்களாக என்னை உறங்க விடவில்லை.

என் கணவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பைபாஸ் செய்தார்கள். இதயத்தின் இயங்குதிறன் 25 விழுக்காடுதான் என்பதால், அறுவைக்கு முந்தைய மாலையே தொடை வழியாகப் பலூன் பம்ப் என்ற துணைக்கருவியை வைப்பதாகச் சொல்லி, எட்டுப் பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். அதனால் என்ன கெடுதல் வரக்கூடும் என்று கேட்டேன். “எல்லாம் நல்லதுக்குத்தாம்மா, கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். மறுநாள் இரவு அவருடைய இடது கால் சில்லிட்டு நீலம் பாரித்தபோதுதான், தொடைத் தமனியில் கிடக்கும் குழாய் காலுக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கக்கூடும் என்று ஒரு செவிலியர் சொல்லத் தெரிந்துகொண்டேன். என் கணவர் உயிரோடு வீடு திரும்பினார். அதற்காக அந்த மருத்துவர்களை இன்றும் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பாதம் இன்னும் மரத்தே கிடக்கிறது. முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்த எனக்கே இந்த நிலை என்றால், நெசவும் பீடியுமாகப் பிழைக்கும் எங்கள் தெருக்காரர்களிடம் அந்தப் படிவத்தை யார் விளக்கியிருப்பார்கள்?

பரிசோதனையே கூடாது என்பவள் அல்லள் நான். இதயம் தளரும்போது ஹீலியத்தால் விரிந்து, சுருங்கும்போது ஒடுங்கும் இந்தப் பலூன் 1960களின் இறுதியிலிருந்தே நோயாளிகளுக்குப் பயன்பட்டு வருகிறது. மாரடைப்பால் இதயம் போதிய இரத்தத்தைச் செலுத்த முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போன 600 பேரிடம் ஜெர்மனியில் முறையாகச் சோதித்து, அது முப்பது நாள் இறப்பைக் குறைக்கவில்லை என்று கண்டது 2012இல்தான். இடது கீழறையிலிருந்து இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குத் தள்ளும் இம்பெல்லா என்ற இன்னொரு துணைக்கருவி, 2024இல் வெளியான ஆய்வில் அதே வகை நோயாளிகள் சிலரிடையே இறப்பைக் குறைத்தது. இரத்தக் கசிவையும் கால் பாதிப்பையும் கூட்டவும் செய்தது. அறுவைக்கு முன்பே பொருத்துவதால் நன்மை உண்டா என்பதைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும். இதையெல்லாம் கேட்டுத் தயங்குகிறவர் அறியாதவரா?

ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும், இந்நாட்டில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருவோருக்காக வேலூர் காந்தி சாலை விடுதிக்காரர்கள் வங்க எழுத்தில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு விடுதிக்காரருக்குத் தோன்றியது, தமிழ் நோயாளிக்குத் தமிழில் ஒரு தாள் தர வேண்டியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையிலும் தீங்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றும் எழுதினேன், அச்சேறவில்லை, பதிலும் இல்லை.

இனி இத்தகைய பரிசோதனைகளைப் பற்றி எழுதும்போது, அதன் பதிவு எண், வரக்கூடிய தீங்குகள், சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமை ஆகியவற்றைக் கட்டுரையின் அடியில் மூன்று வரிகளில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.