குடியிருப்போர் நலச் சங்கம், வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் குறித்து இவ்வாண்டு நாம் கொடுத்த மனுக்களின் நிலை தனித்தாளில் தரப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, நம் ஊரை நாமே வெளியூர்க்காரர்களைப் போலச் சுற்றிப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானத்தின்படி ஆண்டு முழுவதும் நடந்தவற்றை மட்டும் இந்த அறிக்கையில் சொல்ல அனுமதி கோருகிறேன்.

தீர்மானத்தின் காரணத்தைப் புதிய உறுப்பினர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இலங்கையிலிருந்து சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தினர் நம் தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்று, கண்டியின் கடைசி அரசரை அடக்கம் செய்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அங்கிருந்த நம் உறுப்பினர் ஐவரில் ஒருவருக்கும் வழி சொல்லத் தெரியவில்லை; இருவருக்கு அப்படியோர் இடம் இருப்பதே தெரியாது. அந்த ஐவரில் நானும் ஒருவன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தும் விருந்தினருக்கு வழிகாட்ட முடியாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வர வேண்டும். தெரிந்த குறுக்குவழியில் போகக் கூடாது. அறிவிப்புப் பலகைகளை முழுவதும் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது யாரிடமாவது கேட்க வேண்டும் என்பவை நாம் ஏற்ற விதிகள். கடைசி விதிதான் கடினமாக இருந்தது. ஊர்க்காரர் என்று தெரிந்தும் வழி கேட்பதற்குப் பலருக்கும் கூச்சமாக இருந்ததால், முதல் மாதம் பிள்ளைகளே பெரியவர்களுக்காகக் கேட்டார்கள்.

கோட்டைக்கு மட்டும் மூன்று ஞாயிறுகள் தேவைப்பட்டன. அகழியை ஒட்டிய சாலையில் தினமும் போகிற நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு உள்ளே காலடி வைத்ததில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே நின்று, விதானத்தில் மலரைச் சுற்றிக் கிளிகள் தொங்குவதுபோல் செதுக்கியிருப்பதை அண்ணாந்து பார்த்தபோது, நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் இளமைக்கால நினைவைச் சொன்னார். நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல், வழிபாடு நின்றுபோயிருந்த கோயில் அது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த செய்தி பரவியதும், கடைகளை அப்படியே விட்டுவிட்டு மக்கள் கோட்டைக்கு ஓடிவந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாக அவர் சொன்னார். எந்தப் பலகையிலும் இல்லாத இந்தச் செய்தியை நம் பிள்ளைகள் அன்றுதான் கேட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு 1806 ஜூலை 10-ஐப் பற்றியது. சமயக் குறிகளுக்குத் தடை, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை ஆகியவற்றால் கொதித்த சிப்பாய்கள் விடியும் முன்பே எழுந்ததையும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி அன்றே அந்த எழுச்சியை நசுக்கியதையும், 1857 பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்ததையும் மாணவ உறுப்பினர்கள் அந்த இடத்திலேயே நின்று வாசித்தார்கள். அதன் பிறகு, இந்தக் கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளை ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். இன்று அதே கல்கத்தாவிலிருந்து மருத்துவம் தேடி எத்தனையோ குடும்பங்கள் இங்கே வருவதை நினைக்கும்போது, இரண்டு ஊர்களுக்கும் உள்ள தொடர்பு பழையது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் ஞாயிறு அரசு அருங்காட்சியகத்தில் கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையைப் பார்த்தோம். 1815-இல் அரசை இழந்து, அடுத்த ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று மறையும் வரை கைதியாக இருந்தவர் அவர். அடுத்த மாதமே, அவரை அடக்கம் செய்த இடத்தில், பாலாற்றங்கரையில் 1990-இல் எழுப்பப்பட்ட முத்து மண்டபத்துக்குப் போனோம். நாம் போன நேரத்தில் வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை. வழிகாட்டிப் பலகை வைக்கச் சொல்லி உரிய அலுவலகத்துக்கு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

காந்தி ரோட்டில் ஒரு விடுதியில் நான்கு உறுப்பினர்கள் ஓர் இரவு தங்கியது இவ்வாண்டின் முக்கியமான அனுபவம். 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வருகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது அன்றுதான் அருகிலிருந்து தெரிந்தது. பக்கத்து அறைக் குடும்பம் வாடகைப் பாத்திரத்தில் சோறு பொங்கியது. விடியும் முன்பே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நம் உறுப்பினர் ஒருவர் இந்தியில் பேசிப் பேருந்து நிலையம் போக ஆட்டோ கேட்டபோது, வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு சொல்லப்பட்டது. நோயாளியோடு வந்திருப்பவரிடம் இப்படிக் கேட்பது நம் ஊருக்கு அழகல்ல. நம் பகுதி ஓட்டுநர்களோடு இதைப் பற்றிப் பேச மூவர் குழு அமைக்கப்பட்டது. இருமுறை சந்திப்பு நடந்துள்ளது. அவர்களில் பெரும்பாலோர் நம் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

மதிலழகுக்குப் பேர்போன விரிஞ்சிபுரம் கோயிலுக்கு இரண்டு முறை நாள் குறித்தும் மழையால் போக முடியவில்லை. வரும் ஆண்டில் கார்த்திகைக் கடைஞாயிற்றுக் கூட்டத்துக்கு முன்பாகவே ஒரு நாள் போய், சிம்ம தீர்த்தத்தையும் நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல்லையும் நிதானமாகப் பார்த்துவர உத்தேசம். மதிய உணவுக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளு கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து தருவதாக மகளிர் பிரிவினர் சொல்லியிருக்கிறார்கள்.

முத்து மண்டபத்துக்குப் போகும் வழியைத் தமிழ், சிங்களம், வங்காளம், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் எழுதிய அட்டை, உரிமையாளரின் அனுமதியோடு தெருமுனைத் தேநீர்க் கடையில் சென்ற மாதம் மாட்டப்பட்டது. சிங்கள வரிகளை, சிகிச்சைக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை எழுதிக் கொடுத்தார்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்