அப்பாவின் ரேடியோ ஏன் நடுங்கியது

லிமா, பெரு
ஐப்பசி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரம்பூரில் மழை பிடித்துக்கொண்டது என்று அண்ணன் சொன்னான். மொட்டைமாடி குழாய் வாயில் இலை அடைத்துக்கொள்ளும், அவனையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற வேண்டாம்.

போன ஞாயிறு போனில் "அங்கே போய் என்னதாம்மா பண்றே?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியது அல்ல. அதிலும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதனால் பேப்பர் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். லிமாவில் மழை கிடையாது. பக்கத்திலேயே கடல், மாதக்கணக்கில் வானம் முழுக்க மூடிக்கொண்டு நிற்கிறது, ஆனால் தூறலுக்கு மேல் ஒரு சொட்டு விழாது. அந்தச் சாம்பல் வானத்துக்கு இங்குள்ளவர்கள் வைத்த பெயர் 'பான்சா தெ புர்ரோ', கழுதை வயிறு. வந்த புதிதில் கறுத்த மேகத்தைப் பார்த்து, கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார். சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இவர்களும் தினம் சோறு சாப்பிடுகிறவர்கள்தான். கொத்தமல்லி கிடைக்கிறது, பச்சை மிளகாய்க்குப் பதில் மஞ்சள் மிளகாய் ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கில் மட்டும் இத்தனை நிறமா என்று இன்னும் அசந்து நிற்கிறேன்.

வேலை செய்யும் இடம் ஊருக்குக் கிழக்கே, புல் பூண்டு முளைக்காத மொட்டை மலைகளுக்கு நடுவில். பெயர் ஹிக்காமார்க்கா, மேல் வானத்தை அளக்கும் ரேடார் நிலையம். அந்த மலைகள் சுற்றி நிற்பதால் நகரத்து ரேடியோ இரைச்சல் உள்ளே வராது. மலை இடுக்கைத் தாண்டியதும் தரையெல்லாம் கம்பி. நம் மொட்டைமாடிக் கொடிக்கயிறுகளைப் போல, உலோகக் குழாய்களை வரிசை வரிசையாகத் தரைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் 18,432 இருமுனை ஆன்டெனாக்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள சதுரம், 20 ஏக்கருக்கு மேல் வரும். 1961-ல் இருந்து இருக்கிறது. இது மீனம்பாக்கத்தில் பார்க்கிற ரேடார் மாதிரி சுற்றாது. படுத்தபடியே தலைக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். கதிரைக் கொஞ்சம் சாய்க்க வேண்டுமென்றால், ஆட்கள் உள்ளே போய்க் கேபிள்களை மாற்றுவார்கள். நெடுங்காலம் அப்படித்தான் நடந்திருக்கிறது. மூத்த டெக்னீஷியன் ஒருவர் எனக்கு அதைச் செய்து காட்டினார். பூக்கட்டுகிறவர் விரல் மாதிரி வேகம்.

இதை ஏன் பெருவில் கட்டினார்கள்? பூமியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்குச் சமமாகப் படுத்துக்கிடக்கிற ஒரு வளையம் உலகைச் சுற்றி இருக்கிறது. காந்த நடுக்கோடு என்பார்கள். வரைபடத்தில் இருக்கும் நிலநடுக்கோடு வேறு, இது வேறு. அந்த வளையம் இங்கே ஹிக்காமார்க்கா மேல் போகிறது. அப்படியே உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நம் நாட்டில் எங்கே நுழைகிறது தெரியுமா? உங்கள் திருநெல்வேலிச் சீமையில். 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்களே, அந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே கோடுதான் காரணம். முதல் நாள் இங்கே வரைபடத்தைப் பார்த்தபோது, வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்ற பயம் பாதி குறைந்தது.

சரி, வேலை. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர் மேல் காற்றின் அணுக்களை உடைத்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான்கள்கூட இருக்கும். உங்கள் சிற்றலை ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பியது இந்த அடுக்குதான். நாங்கள் அனுப்புவது 50 மெகாஹெர்ட்ஸ், அது அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். போகிற வழியில் ஒவ்வொரு எலக்ட்ரானும் துளியூண்டு சிதறடிக்கும். கதிர் படும் இடத்திலுள்ள அத்தனை எலக்ட்ரானையும் சேர்த்தாலும், 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு உளுந்து இருந்தால் எவ்வளவு எதிரொலிக்குமோ ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த எதிரொலியைப் பிடித்து, மேலே எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெப்பம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போட வேண்டும். இது ஒரு வேலை.

இன்னொரு வேலை ராத்திரிக்கு உரியது. அப்பா, இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இரண்டாவது படிக்கும்போது, ஐ.சி.எஃப்.பில் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜன்னலோரம் பிலிப்ஸ் ரேடியோவைத் திருப்பிக்கொண்டு உட்காருவீர்கள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் சில நாள் குரல் நடுங்க ஆரம்பிக்கும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல, படபடவென்று. ஸ்டேஷன் போகாது, குரல் மட்டும் ஆடும். நான் ஏன் என்று கேட்டேன். "மேலே ஏதோ கொதிக்குதும்மா" என்றீர்கள்.

மேலே உண்மையிலேயே கொதிக்கிறது அப்பா.

சூரியன் மறைந்ததும் 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கீழ் அடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும். மேல் அடுக்கில் காற்று மிக மெல்லியது, அதனால் எலக்ட்ரான்கள் அவ்வளவு சீக்கிரம் மறுபடி ஒட்டிக்கொள்வதில்லை, தங்கிவிடும். அதே நேரம் காந்த நடுக்கோட்டில் ஒரு மின்புலம் வலுத்து, அந்த அடுக்கை இன்னும் உயரத் தூக்கும். மேலே கனமானது, கீழே காலி. டம்ளரில் எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? எண்ணெய் விரல் விரலாக மேலே ஏறும். அப்படியே அடியிலிருந்து வெற்றுக் குமிழிகள் கிளம்புகின்றன. நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் வேகத்தில் ஏறுவது உண்டு, சில இரவுகளில் 1000 கிலோமீட்டர் வரை போகும். ஒவ்வொரு குமிழியின் ஓரமும் சுக்குநூறாகச் சிதைந்திருக்கும். அந்தச் சிதைவில் மூன்று மீட்டர் அளவுள்ள அலைகளைத்தான் எங்கள் ரேடார் பிடிக்கிறது. 1976-ல் ரொனால்ட் வுட்மன் என்ற பெரு நாட்டுக்காரரும் லா ஹோஸ் என்பவரும் இதை முதன்முதலில் படமாகப் போட்டுக் காட்டினார்கள். திரையில் அது புகை எழுவதுபோல வளைந்து வளைந்து ஏறும்.

காந்தக்கோடு வழியாக இந்தக் குமிழி வடக்கேயும் தெற்கேயும் நீளும். திருநெல்வேலிக்கு மேலே எழும்பியது பெரம்பூருக்கு மேலேயும் வந்து நிற்கும். உங்கள் ரேடியோ அலை அதன் வழியாக வந்து குலைந்தது. அதே குமிழிதான் இன்று ஜி.பி.எஸ். சிக்னலையும் குலைக்கிறது. விமானங்களுக்கு ஜி.பி.எஸ். பிழையைத் திருத்திக்கொடுக்க நாம் வைத்திருக்கும் 'ககன்' அமைப்பும் இதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். எந்த இரவு கிளம்பும், எந்த இரவு கிளம்பாது என்று முந்தின நாளே சொல்வதுதான் கடினம். எங்கள் பாடு அதில்தான்.

திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள காதங்கி ரேடாரும் இந்த வம்சம்தான். வுட்மனும் கியென் என்பவரும் 1974-ல் இங்கே ஹிக்காமார்க்காவில், மேகமே இல்லாத தெளிந்த காற்றிலிருந்தும் எதிரொலி எடுத்து, பல பத்து கிலோமீட்டர் உயரத்துக் காற்றோட்டத்தை அளந்து காட்டினார்கள். அதை வைத்து உலகம் முழுக்க ரேடார்கள் வந்தன. காதங்கியில் 1,024 ஆன்டெனாக்களோடு நிற்பதும் அப்படி வந்ததுதான். எம்.எஸ்சி. படிக்கும்போது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேனே, வரும்போது உங்களுக்கு லட்டு வாங்கி வந்தேனே, அந்த இடம்.

இங்கே சாயங்காலம் ஆறு மணிக்குப் பொழுது விழும்போது அங்கே விடியற்காலை நாலரை. நீங்கள் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றும் நேரம். இந்தப் பக்கத்தில் புரட்டாசியிலிருந்து பங்குனி வரை குமிழிக் காலம். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையும் புரட்டாசி, ஐப்பசியும்தான் அதிகம். சூரியனில் புள்ளிகள் கூடும் வருடங்களில் இன்னும் அதிகம். 1989 அப்படி ஒரு வருடம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். பரணில் இரும்புப் பெட்டியில் உங்கள் பழைய டைரிகள் இருக்கின்றன. ஸ்டேஷன் பேரும் மணியும் எழுதி, ஓரத்தில் "ஆட்டம்" என்று சிவப்பு மையில் குறிப்பீர்கள். 1988 முதல் 1991 வரை உள்ளவை வேண்டும். காதங்கி ரேடார் அப்போது வரவே இல்லை. அண்ணனை ஏணி போட்டு எடுக்கச் சொல்லி, "ஆட்டம்" என்று எழுதிய பக்கங்களை மட்டும் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, தேதியும் மணியும் தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்